கால் வெட்டிய சோபா

பம்பாயில் ஒரு காலத்தில் வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களைத் தேடி அலைந்தார்கள் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். சொல்கிறவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிப் புதுப்புதுக் கட்டடங்களாக எழும்பி நின்றன. பாதிக்குப் பாதி ஜன்னல்களில் வாடகைக்கு இடம் உண்டு என்ற பலகை தொங்கியது. தெருவில் எவனாவது நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், சேட்டு இறங்கி வந்து கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போய்விடுவார். முதல் மாத வாடகை வேண்டாம், சுவருக்கு எந்த வர்ணம் பிடிக்குமோ சொல்லுங்கள், அடித்துத் தருகிறேன் என்பார்.

அப்படிக் கையைப் பிடித்து அழைத்துப் போகப்பட்டவர்களில் ஒருவர் பஞ்சாபகேசன். எல்லோருக்கும் பஞ்சு. கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். டிராமில் ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டு ஏறவேண்டிய உயரம். அந்த உயரத்துக்குத் தகுந்த கோபமோ அதிகாரமோ அவரிடம் கிடையாது. சுவருக்கு என்ன வர்ணம் என்று சேட்டு கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"பச்சைதான் இப்போ எல்லாரும் அடிக்கிறான்" என்றார் சேட்டு.

"இப்போ எல்லாரும் அடிக்கிறாங்கிறதுனாலதான் யோசிக்கறேன்" என்றார் பஞ்சு. "ரெண்டு வருஷம் கழிச்சு யாரும் அடிக்கமாட்டா. அப்போ நான் என்ன பண்ணுவேன்?"

கடைசியில் பாலாடை நிறம் என்று தீர்மானம் ஆயிற்று. அது நல்ல தீர்மானம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வர்ணத்தில் இருந்த அந்தப் புத்தி மனிதருக்கு நாற்காலி விஷயத்தில் இல்லாமல் போய்விட்டது.

அதற்கு முன் அவர்கள் இருந்தது பரேலில் ஒரு சாலில், வரிசையாக அறை அறையாக வாடகைக்கு விட்ட கட்டடத்தில், ஒற்றை அறை. பம்பாயில் ஒற்றை அறை என்றால் ஒரு குடும்பத்துக்கு என்று அர்த்தமில்லை. ஊரிலிருந்து வேலை தேடி வருகிற தம்பிமார், அத்தை பிள்ளைகள், அத்தை பிள்ளைக்குச் சிநேகிதர்கள் என்று எப்போதும் நாலு பேர் பாய் விரித்துக் கிடப்பார்கள். ஒருவனுக்கு ரெயில்வேயில் வேலை கிடைத்துப் போனால் அவன் பாயில் படுக்க இன்னொருவன் வந்து சேருவான். அந்த வீட்டில் பஞ்சுவின் மனைவி அம்மிணி சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள், அடுப்புப் பக்கமாக ஒண்டிக்கொண்டு தூங்கினாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு, புளி, தண்ணீர் வருகிற நேரம், மகள் ஷ்யாமளாவின் ஜுரம், இவ்வளவுதான். வேறு பேச்சுக்கு இடம் இல்லை. பேச்சுக்கும் இடம் வேண்டும் அல்லவா?

ஷ்யாமளா கல்யாணம் ஆகி நாக்பூருக்குப் போனாள். தம்பிமார் தலையெடுத்து ஆளுக்கொரு ஜாகை பார்த்துக்கொண்டார்கள். மாட்டுங்காவுக்கு வந்தபோது இவர்கள் இரண்டே பேர். ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஹால். ஹாலில் ஒன்றுமே கிடையாது. அம்மிணி முதல் நாள் அந்த ஹாலைப் பெருக்கிவிட்டு நடுவில் நின்று, "இவ்வளவு எடத்தை வச்சுண்டு என்னன்னா பண்றது?" என்று கேட்டாள்.

என்ன பண்ணுவது என்பது அன்று சாயங்காலமே பஞ்சுவுக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்கு எதிர்ச்சாரியில் பார்ஸிக் குடும்பங்கள் இருந்தன. நேர் எதிர் பால்கனியில் ஒரு வயதான பார்ஸி, அவர் மனைவி. இரண்டு நாற்காலி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் சிரித்தாள். பிறகு அவள் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். விளக்கு வைக்கும்வரைக்கும் இப்படியே போயிற்று. பஞ்சு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவருக்கு அந்த வினாடியில் ஆசை வந்தது. பணம், பதவி ஒன்றும் இல்லை. அம்மிணி தன் பக்கத்தில் இப்படி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"வா, பக்கத்துல வந்து உக்காரு" என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்ல நாக்கு எழவில்லை. அந்தத் தலைமுறைப் புருஷர்களுக்குப் பெண்டாட்டியை அதட்டத் தெரியும், அவளுக்காக உயிரை விடத் தெரியும். பக்கத்தில் உட்கார் என்று சொல்ல மட்டும் தெரியாது. ஆகவே பஞ்சு ஒரு யுக்தி செய்தார். தான் சொல்லாததை நாற்காலி சொல்லட்டும் என்று விட்டார். நல்லதாக, அழகாக, என்றும் பழசாகிப் போகாததாக இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டால் அவள் தானே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்பது கணக்கு.

யோசனை சொல்ல ஆள் மேல் மாடியிலேயே இருந்தார். வேங்கடசுப்ரமணியன், பஞ்சுவுக்கு ஆபீஸில் பக்கத்து மேஜை. நடைபாதையில் விற்கிற பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை வாங்கி, அதில் துரைகளின் வீட்டுப் படங்களைப் பார்த்தே ஹால் அலங்காரத்தில் நிபுணர் ஆனவர். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே வாக்கியம், "இதுதான் ஓய் நிக்கும்" என்பது.

"பிரம்பு, ஓய்! மலபார் ஹில்லுல போய்ப் பாரும். வட்ட முதுகு வச்ச பிரம்பு நாற்காலி. இன்னும் இருவது வருஷம் ஆனாலும் அதுக்கு மவுசு போகாது. இதுதான் ஓய் நிக்கும்!"

பிரம்பு நாற்காலிகள் இரண்டு ஹாத்காடி என்கிற கைவண்டியில் வந்து இறங்கின. ஜன்னலோரம் போட்டார்கள். அம்மிணி ஈரத்துணியால் துடைத்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"அழகா இருக்கா?" என்று கேட்டார் பஞ்சு.

"நன்னா இருக்கே! ரொம்ப அழகா இருக்கு" என்றாள் அம்மிணி. சொல்லிவிட்டுச் சமையலறை நிலைப்படியில் போய்த் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆயத் தொடங்கினாள்.

பஞ்சு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். அம்மிணியைப் பார்த்தார். மறுபடி நாற்காலியைப் பார்த்தார். தினமும் இப்படியே பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நாலாம் நாள் அம்மிணி எழுந்து வந்து காலி நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பின்னல் இடுக்குகளை விளக்கு வைத்துத் துழாவினாள்.

"என்ன பண்றே?"

"நீங்க இதையே பார்த்துண்டு இருக்கேளே, மூட்டைப்பூச்சி வந்துடுத்தோன்னு பார்த்தேன்."

சொல்லி வைத்தாற்போல அடுத்த மாதம் அவை வந்தும் விட்டன. பம்பாயின் ஆதிக் குடிகள் மூட்டைப்பூச்சிகள்தான். நாமெல்லாம் பிறகு வந்தவர்கள். மண்ணெண்ணெயும் வெந்நீரும் பட்டுப் பிரம்பு நைந்துபோயிற்று. வேங்கடசுப்ரமணியன் இறங்கி வந்து பார்த்து, "பிரம்பெல்லாம் இப்போ யாரு ஓய் போடறா?" என்றார், யாரோ மூன்றாம் மனுஷன் சொல்லி வாங்கினாற்போல. "ஸ்டீல்! குரோமியம் பூசின குழாய் நாற்காலி. ஜெர்மனியில கண்டுபிடிச்சது. பூச்சி அண்டாது. இதுதான் ஓய் நிக்கும்."

யுத்தம் அப்போது பம்பாயை முழுசாகத் தொட்டிருக்கவில்லை. குழாய் நாற்காலிகள் வந்தன. பின்னங்கால் கிடையாது, உட்கார்ந்தால் மெல்ல ஊசலாடும். கண்ணாடி மாதிரி மின்னும். "அழகா இருக்கா?" "ரொம்ப அழகா இருக்குன்னா. மொகம் பார்த்துக்கலாம் போல இருக்கு." மறுபடியும் நிலைப்படி, மறுபடியும் கீரை.

பிறகு யுத்தம் நிஜமாகவே வந்தது. ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். மாட்டுங்கா முழுவதும் ஒரே மாதிரி ஜோடனை செய்துகொண்டது அந்த ஒரு தடவைதான். ஹால் அடைத்துவைத்த பெட்டி ஆயிற்று. எதிர்வீட்டுப் பால்கனியில் யார் இருக்கிறார்கள், இல்லை என்பதே தெரியாமல் போயிற்று. குழாய் நாற்காலிகளில் மழைக்காலத்து உப்புக்காற்று பட்டு, குரோமியம் அம்மைத் தழும்பு மாதிரி உதிர்ந்தது. அம்மிணி புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பித்தளைக்குப் போகிற புளி ஜெர்மன்காரன் வித்தையிடம் செல்லவில்லை.

ஆறு வருஷம் இப்படி ஓடிற்று. பஞ்சு மனத்துக்குள் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அம்மிணி மடிக்காரி. குளித்து மடி உடுத்திச் சமைக்கிறவள் நாலு பேர் உட்கார்ந்த நாற்காலியைத் தொடுவாளா? போதாததற்கு, புருஷனுக்குச் சரிசமமாக உயரத்தில் உட்காருவது நம் வீட்டுப் பெண்டுகளுக்கு வழக்கமும் இல்லை. வாசல் கதவோ பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். மாடிப்படியில் போகிறவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஆசாரம்தான் தடை என்று முடிவு கட்டினார். முடிவு கட்டினாரே தவிர ஆசை விட்டதா என்றால், இல்லை.

நாற்பத்தாறில் துரைகள் பலர் ஊருக்கு மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கொலாபா பக்கத்தில் வாரத்துக்கு ஒரு பங்களா ஏலம். வேங்கடசுப்ரமணியன் மூச்சு வாங்க ஆபீஸ் மேஜைக்கு ஓடி வந்தார்.

"சோபா, ஓய்! ரெண்டு பேர் உக்காரற சோபா. பர்மா தேக்கு, கடைசல் பிடிச்ச கால், மேலே சிவப்பு வெல்வெட். ராஜா காலத்துக்கும் நின்னுது, ராணி காலத்துக்கும் நின்னுது. இதுவும் நிக்கல்லேன்னா நான் என் பேரை மாத்தி வச்சுக்கறேன்!"

'ரெண்டு பேர் உக்காரற' என்ற வார்த்தைதான் பஞ்சுவை விழுத்தாட்டியது. தனித்தனி நாற்காலி என்பதால்தான் அவள் வரவில்லையோ என்னவோ! கல்யாணத்தில் ஒரே ஊஞ்சலில் உட்கார்ந்தவர்கள்தானே! சோபா வந்தது. நாலு ஆள் பிடித்து மாடியேற்றினார்கள். யானையைக் கொண்டுவந்து கட்டினாற்போல ஹாலின் ஒரு சுவர் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது.

"அழகா இருக்கா?"

அம்மிணி வெல்வெட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். "இதைவிட அழகா ஒண்ணு இனிமே வரப் போறதில்லை" என்றாள். அன்று ராத்திரியே ஒரு பழைய வேஷ்டியை இரண்டாக மடித்து, தூசி படாமல் சோபாவின் மேல் போர்த்தினாள். பிறகு நிலைப்படிக்குப் போனாள்.

பஞ்சு அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. தானும் சோபாவில் அதிகம் உட்காரவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் ஜன்னலோரம் நின்றுகொண்டே காப்பி குடித்தார். மனம் விட்டுப்போயிற்று என்று சொல்லலாம். ஒரு மனுஷனுக்கு இந்தச் சின்ன விஷயத்தில் இவ்வளவு வருத்தமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வருத்தத்துக்குச் சின்னது பெரிசு தெரியாது.

அந்த வருஷம் ஜூலையில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு கொட்டிற்று. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறுகிறது, மத்தியானத்துக்கு மேல் வண்டி ஓடாது என்று சேதி வந்ததும் ஆபீஸை மூடிவிட்டார்கள். பஞ்சுவுக்குத் தாதர் வரைக்கும்தான் வண்டி கிடைத்தது. அங்கிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தார். குடை இருந்ததே தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினார்.

அம்மிணி சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

வேஷ்டியை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். பாதங்களுக்குக் கீழே சாப்பாட்டு மணைப்பலகை ஒன்று, அதன் மேல் இன்னொன்று, அதன் மேலும் ஒன்று. அந்த அடுக்கு ஆடாமல் இருக்கக் கால் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, படம் எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். பலகைகள் தடதடவென்று சரிந்து மொசைக் தரையில் சிதறின.

"ஐயோ, வந்துட்டேளா! தொப்பமா நனைஞ்சிருக்கேளே!"

பஞ்சு சொட்டச்சொட்ட நின்று பலகைகளைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

அம்மிணி குனிந்து பலகைகளைப் பொறுக்கினாள். காது சிவந்துவிட்டது.

"அம்மிணி, கேக்கறேன். என்னத்துக்கு இது?"

"கால் எட்டமாட்டேங்கறதாக்கும்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் குள்ளம். உக்காந்தா ரெண்டு காலும் அந்தரத்துல தொங்கறது. தொட்டில் கொழந்தை மாதிரி. சித்தெ நேரத்துல தொடையெல்லாம் மரத்துப் போயிடறது. யாராவது பார்த்தா சிரிக்கமாட்டாளா?"

பஞ்சு, பழைய நாற்காலிகள் கிடந்த ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ பிரம்பு நாற்காலி?"

"அதுலயும் உக்காந்து பார்த்தேன். நீங்க ஆபீஸ் போனப்புறம். அதுலயும் எட்டல்லே."

"குழாய் நாற்காலி?"

"ஐயோ, அது பொல்லாதது! நான் சாஞ்சேனோ இல்லையோ, பின்னாடி வளைஞ்சுது பாருங்கோ. கால் மேல, தலை கீழ. நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது."

"நான் ஆசாரம்னுன்னா நெனைச்சேன்! மடி, வழக்கம், ஊர் என்ன சொல்லும்னு…"

"அதெல்லாமும் உண்டு. ஆனா அதுக்கெல்லாம் ஒரு வழி பண்ணிக்கலாம். காலுக்கு என்ன வழி பண்றது?"

"ஆறு வருஷமா ஏன் சொல்லல்லே?" பஞ்சுவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கோபம் இல்லை அது, வேறு ஏதோ.

அம்மிணி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆசையா மேடிச்சுண்டு வந்து அழகா இருக்கான்னு கேட்டேள். அழகாத்தான் இருந்தது. சொன்னேன். உக்காந்தா சுகமா இருக்கான்னு நீங்க ஒரு நாளும் கேக்கல்லையே."

சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே ஒரு சந்தோஷமும் கிளம்பிற்று. அவள் உட்கார மாட்டேன் என்று இருக்கவில்லை. அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. இவர் ஆபீஸ் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்க்கிற அளவு ஆசை.

"உக்காரு" என்றார் பஞ்சு. ஆறு வருஷமாக எழாத நாக்கு எழுந்துவிட்டது.

"எங்கே?"

"அதுலதான். பலகையெல்லாம் வேண்டாம். உக்காரு."

அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கால்கள் தொங்கின. பஞ்சு ஈர வேஷ்டியோடு தரையில் மண்டியிட்டு, கையில் இருந்த குடையை நிமிர்த்தி அவள் முழங்காலின் பின்மடிப்பில் வைத்தார். இன்னொரு கையால் அவள் பாதத்தைப் பிடித்தார்.

"ஐயையோ! என்னன்னா இது! காலைத் தொடறேளே! விடுங்கோ, அபசாரம்!"

"அபசாரமாவது! அம்மி மிதிச்சப்போ பிடிச்ச கால்தானே இது? அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி பிடிச்சேன், யாரும் அபசாரம்னு சொல்லல்லே. ஆடாம இரு."

அம்மிணி ஆடாமல் இருந்தாள். அன்றைக்கு அம்மியின் மேல் வைத்தது ஒரு சின்னப் பெண்ணின் கால். இது வெந்நீர்ப் பானையும் சாதப் பானையுமாக எத்தனையோ பேருக்கு நின்று தேய்ந்த கால். பாதத்தில் வெடிப்பு இருந்தது. பஞ்சு அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "பூத்தொடுக்கற நார் இருந்தா ஒண்ணு எடு" என்று கேட்டு வாங்கி, குதிகால் வரைக்கும் அளந்து, அந்த இடத்தில் குடையைச் சுற்றிக் கட்டினார்.

மழை விட்ட மறுநாள் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனார். அங்கே பிரம்மநாயகம் என்று ஒரு தச்சர், திருநெல்வேலிச் சீமைக்காரர், ரோட்டோரம் பட்டறை வைத்திருந்தார். வந்து சோபாவைப் பார்த்தவர் அதன் காலை இரண்டு கையாலும் வருடினார்.

"ஏ அப்பா, என்ன கடைசலு! பாத்தியளா சாமி, குடம், கழுத்து, மறுபடி குடம். இந்த வேலைய இன்னைக்கு எவன் செய்யுதான்? எங்கன பிடிச்சிய இத?"

"இதை வெட்டணும்" என்றார் பஞ்சு. "இந்த நார் கட்டின அளவுக்கு."

பிரம்மநாயகம் சிரித்தார். பிறகுதான் இவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். "என்ன சாமி சொல்லுதிய? நல்லா இருக்கிற காலை வெட்டச் சொல்லுதியளே! கொலைபாதகம்லா இது! எனக்குக் கையி ஓடாது. வேணும்னா வேற கட்டையில குட்டையா ஒண்ணு செஞ்சு தாரேன். இதை அப்பிடியே வையுங்க. நாளைக்கு வித்தியன்னா கொத்திக்கிட்டுப் போவான்."

"விக்கறதுக்கு இல்லை இது. உக்காரறதுக்கு."

சத்தம் கேட்டு மேல் மாடியிலிருந்து வேங்கடசுப்ரமணியன் இறங்கி வந்தார். ரம்பத்தைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஓய் பஞ்சு, உமக்குப் பித்தம் தலைக்கேறிடுத்தா? பர்மா தேக்கு ஓய்! ராஜா ராணி எல்லாம் பார்த்த சாமான்! வெட்டினா ஒட்டுமா?"

"ஒட்டாது" என்றார் பஞ்சு. "அதனாலதான் அளந்து வச்சிருக்கேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மிணி அப்போது வாயைத் திறந்தாள். ஆறு வருஷமாக அந்த ஹாலுக்கு எது வந்தாலும் துடைத்து வைத்ததோடு சரி. இன்னது வேண்டும் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஏன்னா, அந்த வெல்வெட்டையும் எடுத்துடச் சொல்லுங்கோ. வெறும் பலகையா போடட்டும். பலகைன்னா அலம்பிக்கலாம், மடிக்கும் தோஷமில்லை. முதுகுக்குச் சாச்சுக்கற எடத்தைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவரச் சொல்லுங்கோ."

பஞ்சு பிரம்மநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டேளோல்லியோ? அப்படியே பண்ணிடுங்கோ."

பிரம்மநாயகம் வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலையில் இறங்கினார். வெல்வெட்டைக் கிழித்தபோது உள்ளேயிருந்து ஸ்பிரிங்குகள் பாய்ந்து ஒன்று வேங்கடசுப்ரமணியனின் மார்பில் இடித்தது. அவர் அத்தோடு மாடிக்குப் போய்விட்டார். பலகை அடித்து, சாய்மானத்தை முன்னுக்குத் தள்ளி, கடைசியாகக் காலில் ரம்பத்தை வைத்தார் தச்சர். வெட்டி விழுந்த துண்டுகளைக் கீழே போட மனமில்லாமல் தோள்துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

பார்ப்பதற்கு அது எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குப் பொய் சொல்ல வராது. அழகாக இல்லை. இடுப்புக்கு மேல் துரைத்தனமும் இடுப்புக்குக் கீழ் மணைப்பலகையுமாக இரண்டுங்கெட்டானாக இருந்தது. மேல் மாடி ராஜலக்ஷ்மி, வேங்கடசுப்ரமணியனின் மனைவி, "அப்படி என்னத்தைத்தான் பண்ணியிருக்கா" என்று பார்க்க வந்தாள். வந்தவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "அம்மிணி, முதுகு வலியே தெரியல்லையேடி!" என்றாள். அந்த மாதத்துக்குள் அவர்கள் வீட்டுக் குழாய் நாற்காலிகள் பழைய சாமான்காரனிடம் போயின. பிரம்மநாயகம் அந்தக் கட்டடத்துக்கு மறுபடி மறுபடி வரும்படி ஆயிற்று. ஆபீஸில் வேங்கடசுப்ரமணியன் மற்றொரு குமாஸ்தாவிடம், "உசரமா நாற்காலி போடறதெல்லாம் இப்போ யாரு ஓய்? குட்டைக்கால்தான் புதுசு. இதுதான் நிக்கும்!" என்று சொன்னதைப் பஞ்சு தம் காதாலேயே கேட்டார். வேங்கடசுப்ரமணியனின் வாக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பலித்தது என்றால் அது இந்த விஷயத்தில்தான். அந்தச் சோபா மாட்டுங்கா வீட்டில் இருந்தது, பிறகு செம்பூரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிப் போனபோது அங்கேயும் போயிற்று. அவர்கள் வேறொன்று வாங்கவேயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றி. தச்சர் போய்விட்டார். அம்மிணி மரத்தூளைக் கூட்டி அள்ளினாள், பலகையைத் துடைத்தாள், இரண்டு டம்ளரில் காப்பி கலந்து எடுத்து வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மற்றதைப் பிடித்துக்கொண்டு, வாசல் கதவு திறந்திருப்பதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் படிந்தன.

பஞ்சுவும் உட்கார்ந்தார். அவர் உயரத்துக்கு அது சரிப்படவேயில்லை. முழங்கால் இரண்டும் மோவாய் வரைக்கும் வந்தன. காப்பியை முழங்காலுக்கு மேலாகக் கொண்டுவந்து குடிக்க வேண்டியிருந்தது. அதைப்பற்றி அவருக்கு லவலேசமும் கவலை இல்லை. கவலை வேறு. இத்தனை வருஷம் ஆசைப்பட்டதாயிற்று, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தும் ஆயிற்று. என்ன பேசுவது என்று தெரியவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்கலாம். அதற்காகவா இவ்வளவும்? டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே கறிகாய்க்காரி கூவிக்கொண்டு போனாள். மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள். அம்மிணி எழுந்திருக்கவில்லை.

பேச்சைத் தொடங்கியது அவள்தான்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"கேட்டா சிரிக்கப்படாது. நீங்க தினம் ஆபீஸ் போறேளே… அங்கே நீங்க என்ன வேலை பண்றேள்?"

பஞ்சு திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அவளையும் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாயிற்று. தினமும் இவள் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு போன மனுஷன் அங்கே என்ன செய்கிறான் என்று இவள் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை. சிரிப்பு வரவில்லை.

"நெருப்பு இலாகா" என்றார். "எங்கேயாவது ஒரு மில்லு, ஒரு கிடங்கு எரிஞ்சுபோச்சுன்னு வச்சுக்கோ. அப்போ அதோட சொந்தக்காரன் பணம் கேட்டு எங்களுக்கு எழுதிப் போடுவான், இவ்வளவு பஞ்சு மூட்டை எரிஞ்சுதுன்னு."

"எரிஞ்சது எவ்வளவுன்னு எரிஞ்சப்புறம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அம்மிணி.

இருபது வருஷம் அந்த இலாகாவில் இருந்த பஞ்சுவிடம் எந்த மானேஜரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். சாம்பலை நிறுக்கிற கதையைச் சொன்னார். சூரத்காரன் ஒருவன் காலிக் கிடங்கைக் கொளுத்திவிட்டுக் கண்ணீர் விட்ட கதையைச் சொன்னார். அம்மிணி "அடப் பாவி!" என்றாள். "அப்புறம்?" என்றாள். கதையின் சுவாரஸ்யத்தில் அவளை அறியாமலே இரண்டு காலையும் மேலே தூக்கி, மடித்து, சம்மணம் போட்டு அந்தப் பலகையில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள்.

பஞ்சு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கதையை மேலே சொன்னார்.